பிரேக் அடித்தால் அணையும் விளக்கு

குட்டிம்மா, நம் காரின் இடது பின்விளக்கை நான் சரிசெய்துவிட்டேன், மெக்கானிக் இல்லை, உன் பெரியப்பா இல்லை, நானே, இந்த இரண்டு கையால், ஒரு சனிக்கிழமையும் பாதி ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து, இன்ஸ்பெக்‌ஷனும் பாஸ், என் வேலையும் தப்பித்தது.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன். இனி முறைப்படி ஆரம்பிக்கிறேன். இங்கே நான், உன் அப்பா, ஆமை மூவரும் சுகம். காருக்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டு நீ ஊரைவிட்டுப் போய்விட்டாய், இப்போது ஓட்டுகிற என் வாயிலும் அதுதான் வருகிறது. நீ அங்கே நன்றாகத் தூங்கி, வேளைக்குச் சாப்பிட்டு, ஆபீசில் யாரிடமும் முகம் சுளிக்காமல் இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். சாப்பிடாமல் இதைப் படித்துக்கொண்டிருந்தால் மடித்து வைத்துவிட்டு முதலில் போய்ச் சாப்பிடு, கடிதம் எங்கேயும் ஓடாது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் உன் அப்பா, "இரு, இந்த இடத்தை நான் சொல்றேன்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். அவர் சொல்கிற கதையில் அவர் பிரேக் மிதித்ததுதான் முக்கால்வாசி இருக்கிறது. வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், என் குரல் அணில் மாதிரி வரும், எனக்குத் தெரியும். இது என் கதை. முதலிலிருந்து கடைசிவரை, குறுக்கே யாரும் பேசாமல், நான்தான் சொல்வேன்.

நடந்தது இதுதான். எங்கள் லேபில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டி, பாஸான சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அந்தச் சாம்பிள் பெட்டியோடு எங்கேயாவது வழியில் நின்றுவிட்டால் பதினொரு பேருடைய ரத்தம் வீணாகிவிடும் அல்லவா, அதனால். நான் எப்போதும் போல, நமக்கென்ன என்று கம்பீரமாகப் போய் வரிசையில் நின்றேன். ஹாரன் நன்று, டயர் நன்று, புகை நன்று. கடைசியில் அந்த இன்ஸ்பெக்டர் பின்னால் போய் நின்று, "பிரேக் அடிங்க" என்றார். அடித்தேன். "அடிங்கம்மா" என்றார். "அடிச்சுக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றேன். "இடது பக்கம் அணையுது" என்று எழுதி, சிவப்பு முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிட்டார். எரியவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, அணைகிறதாம். ஹெட்லைட் போட்டால் மங்கலாக எரிகிறது, பிரேக் அடித்ததும் சுத்தமாக அணைகிறது. உலகத்தில் எல்லா வண்டிக்கும் பிரேக் அடித்தால் பின்னால் பளிச்சென்று எரியும், நம் ஆமை மட்டும் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. பத்து நாள் கெடு. பத்து நாளுக்குள் திரும்பிக் காட்டவில்லை என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து, புதிதாக விண்ணப்பம் போட்டு, வரிசை வந்து, ஒன்றரை மாதம்.

லேப் இன்சார்ஜிடம் போய்ச் சொன்னேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பையனுக்கு, மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவான். "பரவாயில்லக்கா, வண்டி இல்லேன்னா உள்ள உக்காந்துடுங்க, லேபிள் ஒட்டற வேலை இருக்கு, வெயில் இல்ல, அலைச்சல் இல்ல, உங்க ரூட்டை ரெண்டு சக்கரத்துல போற ஒருத்தருக்குக் குடுத்துடறேன்" என்றான். ஏதோ எனக்கு நல்லது செய்கிற மாதிரி சொன்னான். உனக்குத் தெரியும், அந்த வெளிவேலை கிடைக்க நான் நான்கு வருடம் அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து குழாய்க்குக் குழாய் லேபிள் ஒட்டினேன். ஒருமுறை ரூட் கைமாறினால் திரும்ப வராது, அதுவும் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். என் பதினொரு வீட்டில் ஒரு முன்னாள் கணக்கு வாத்தியார் இருக்கிறார், அவருடையது நரம்பு எங்கே இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் மூன்று பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட கை. நான் கண்ணால் தேட மாட்டேன், விரலால் தடவித்தான் பிடிப்பேன், ஒரே குத்து. அவர் கையை வேறு யாரோ சல்லடையாக்குவதை நினைத்துக்கொண்டே படியிறங்கி வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது என்று உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன், உன் அப்பாவிடம் தூசி என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், மெயின் ரோட்டு எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன். அவர் காருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய வண்டி, வயரிங் மொத்தமும் போயிருக்கும், இறக்கி மாத்தணும், மூணு வாரம் கழிச்சுக் கொண்டாங்க, இப்ப கையில வேலை நெறைய இருக்கு" என்றார். எனக்கு இருப்பதே பத்து நாள், அதில் இரண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் உன் பெரியப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார், விஷயம் எனக்கு முன்னாலேயே அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. "அதை இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்களா, வித்துத் தொலைங்கப்பா" என்று உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து, "ஏம்மா, உள்ள உக்காரச் சொன்னா உக்காந்துட்டுப் போயேன், இந்த வயசுல என்ன ஊர்சுத்தல்" என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது. அவர் அறுபத்தைந்தில் தினமும் பாட்மின்டன் ஆடுகிறார். நான் டீ டம்ளரை அவர் முன்னால் வைத்தேன், சத்தமாக வைத்தேன் என்று உன் அப்பா பிறகு சொன்னார். வைத்துவிட்டு, "நானே பாத்துக்கறேன்" என்றேன். "எதை?" என்றார். "லைட்டை" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

இப்போது நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியும். ஸ்பானர் அக்கா. ஆமாம், அவள்தான். நான் இரண்டு வருடமாக அவள் சேனலைப் பார்க்கிறேன், ஒரு வீடியோ விட்டதில்லை, மிக்சி மோட்டார் பிரிப்பதிலிருந்து லாரிக்கு கிளட்ச் மாற்றுவதுவரை. என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனாலும் அவள் எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. நீ லீவுக்கு வந்தபோது நான் லாரி கிளட்ச் வீடியோவுக்கு இதயம் போட்டதைப் பார்த்து, "அம்மா, உன்கிட்ட லாரி எங்கம்மா இருக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்துக்கொள். அந்தக் கமென்ட் பகுதியில் 'ஊசி அம்மா' என்று சொன்னால் தெரியாதவர்கள் இல்லை, பிரஷர் குக்கர் கேஸ்கெட் விஷயத்தில் நான் எழுதிய பதிலுக்கு நானூறு லைக். அங்கே இருக்கிற நாங்கள் யாரும் பட்டறையில் வேலை கற்றவர்கள் இல்லை. பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, அரை வேகத்தில் ஓட்டிக் கற்றவர்கள். இத்தனை நாள் பார்த்தேனே தவிரத் தொட்டதில்லை. தொட வேண்டிய நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை டியூட்டி முடிந்ததும் கீழே பார்க்கிங்கில் ஆமையின் பின்பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, நான் 'மிதி' என்றால் மிதிக்க வேண்டும், 'விடு' என்றால் விட வேண்டும், தானாக எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தேன். வாழ்நாளில் முதன்முறையாக நான் சொன்னதை அவர் அப்படியே செய்த நாள் அது. முதல் வேலை பல்ப். இடது பல்பைக் கழற்றி வலது பக்கம் போடு, வலதைக் கழற்றி இடதில் போடு, கோளாறு பல்போடு சேர்ந்து இடம் மாறுகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று பார், இது அக்காவின் பாடம். மாற்றினேன், பார்த்தேன், சந்தேகம் வந்தது, திரும்ப மாற்றினேன், திரும்பச் சந்தேகம், இன்னொரு முறை. மூன்றாவது முறைக்குப் பிறகு இரண்டு பல்பும் மடியில் கிடக்கின்றன, எது இடது எது வலது என்று எனக்குத் தெரியவில்லை. குட்டிம்மா, யாரிடமும் சொல்லாதே. பதினாறு வருடமாகச் சாம்பிள் எடுக்கிறேன், ஒரு குழாயைக்கூடப் பெயர் ஒட்டாமல் கீழே வைத்ததில்லை, புதிதாக வருகிற பெண்களை அதற்காகத் திட்டியே பேர் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் இரண்டே இரண்டு பல்பைக் கலந்துவிட்டு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாடிக்குப் போய் என் பையிலிருந்து லேபிள் ஷீட்டை எடுத்து வந்து, இடது, வலது, தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் எழுதி ஒட்டித்தான் அடுத்த வேலையே பார்த்தேன். அப்போது தெளிவாகத் தெரிந்தது, இரண்டு பல்பும் வலது பக்கத்தில் ஜம்மென்று எரிகின்றன, இரண்டுமே இடது பக்கத்தில் படுத்துவிடுகின்றன. ஆக, பல்ப் நிரபராதி. ஃப்யூசையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அதுவும் நிரபராதி. இன்னொன்றும் கவனித்தேன், பிரேக்கை மிதித்துப் பின்விளக்கு அணைகிற அதே நேரத்தில், போடாத இடது இண்டிகேட்டர் லேசாக, பீடி நுனி மாதிரி, சிவந்து தெரிகிறது. யாருமே அதைத் தொடவில்லை. உன் அப்பா சீட்டிலிருந்து, "என்னம்மா, பேய் கீய் புடிச்சிருக்கா" என்றார்.

அன்று சாயங்காலம் அக்காவின் லைவ் இருந்தது. நான் எழுதினேன்: அக்கா, பிரேக் அடித்தால் பின்விளக்கு அணைகிறது, பக்கத்து இண்டிகேட்டர் தானாக மினுக்குகிறது, பல்ப் மாற்றியாயிற்று, ஃப்யூஸ் பார்த்தாயிற்று, வியாழக்கிழமை கெடு. ஆயிரத்து இருநூறு பேர் எழுதுகிற இடத்தில் என் கேள்வி கிடுகிடுவென்று மேலே போய் மறைந்துவிட்டது. திரும்ப எழுதினேன். மூன்றாவது முறை எழுதியபோது என் பேரைப் பார்த்து மற்றவர்களெல்லாம், ஊசி அம்மாவுக்குப் பதில் சொல்லுங்க அக்கா, ஊசி அம்மாவுக்குப் பதில் சொல்லுங்க என்று வரிசையாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, படித்துப் பார்த்து, சிரித்து, "ஊசிம்மா, கரண்டு வர்ற வழியை விடுங்க, அது திரும்பிப் போற வழியைப் பாருங்க, எர்த் எங்க போல்ட் பண்ணியிருக்குன்னு தேடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். என் பேரைச் சொன்னாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன்.

திரும்பிப் போகிற வழி என்றதும் எனக்கு எது புரிந்தது தெரியுமா, போன வருடம் நம் வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டதே, அதுதான். வாஷிங் மெஷின் தண்ணீரைக் கீழே விட்டால் அது போகவேண்டிய வழியில் போகாமல் குளியலறைத் தரையில் பொங்கிக்கொண்டு வந்து உன் செருப்பு மிதந்ததே. அதேதான். பல்புக்குள் போன கரண்டு வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்பி பேட்டரிக்குப் போக வேண்டும். எர்த் என்கிற அந்த வாசல் அடைத்திருந்தால் அது பக்கத்தில் எந்த விளக்கு இருக்கிறதோ அதன் வழியாகப் புகுந்து புறப்படப் பார்க்கும். பின்விளக்கு மட்டும் போட்டால் பிரேக் விளக்கின் வழியாகத் திருட்டுத்தனமாகப் போய்த் தப்பிக்கிறது, அதனால் மங்கல். பிரேக்கையும் மிதித்தால் அந்தத் திருட்டு வழியிலும் எதிர்ப்பக்கமிருந்து கரண்டு வந்துவிடுகிறது, அதனால் அணைகிறது. மிச்சம் சொச்சம் இண்டிகேட்டர் வழியாகக் கசிகிறது. பேயும் இல்லை பிசாசும் இல்லை, சாக்கடை அடைப்பு. இதை உன் அப்பாவுக்கு இரண்டு டம்ளரும் ஒரு புனலும் வைத்து விளக்கினேன். தண்ணீர் மேஜையெல்லாம் கொட்டியது, அவருக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துண்டு வயரின் ஒரு முனையை இடது விளக்கின் எர்த் கம்பியிலும் மறுமுனையை டிக்கிப் பூட்டுக்குப் பக்கத்தில் இருந்த பளபளப்பான இரும்பிலும் வைத்துப் பிடித்துக்கொண்டு, "மிதிங்க" என்றேன். என் முகத்துக்கு நேரே பளீர் என்று எரிந்தது பார், கண் கூசியது. வயரை எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது. எடுத்து எடுத்து வைத்து ஏழெட்டுத் தடவை செய்தேன், தேவையே இல்லை, ஆசைக்குத்தான். மெயின் ரோட்டுக்காரர் சொன்ன மொத்த வயரிங்கும் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு போல்ட்தான் மிச்சம், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். டிக்கியின் இடது மூலையில் கம்பளத்தை உரித்தேன், கறுப்பு வயர் உள்ளே ஒரு சந்துக்குள் போகிறது, தலை நுழையாது, கை மட்டும்தான் போகும். கண் போகாத இடத்தில் விரல் வைப்பதுதானே என் தொழில். கண்ணை மூடிக்கொண்டு வயரோடு வயராகத் தடவிக்கொண்டே போனேன். போல்ட் அகப்பட்டது. ஆனால் இரும்பு மாதிரி இல்லை. சொரசொரப்பாக இருக்க வேண்டிய இடம் வழவழவென்று, சில்லென்று, வார்னிஷ் போட்ட மேஜை மாதிரி இருக்கிறது. ஸ்பானரை விட்டுத் திருகிக் கழற்றி வெளியே எடுத்துப் பார்த்தால் பச்சை. சுத்தமான பச்சை. நம் கேட்டின் பச்சை.

இப்போது புரிகிறதா. உன் அப்பாவுக்குப் பெயிண்ட் டின்னில் பாதி மிச்சம் இருந்தால் இருப்பு கொள்ளாது. கேட்டுக்கு அடித்து மிச்சமானதில் ஸ்டூல் பச்சையானது, ஜன்னல் கம்பி பச்சையானது, துடைப்பக் கைப்பிடி பச்சையானது, உன் பழைய மேஜையின் மூன்று கால் பச்சையானது, நான்காவது காலுக்கு மட்டும் கை எட்டவில்லை. மழைக்கு டிக்கியில் தண்ணீர் கசிந்ததே, அப்போது துரு பிடிக்கக் கூடாது என்று உள்ளேயும் அடித்திருக்கிறார். ஏனோதானோ என்று அடிக்கிறவராக இருந்தால்கூடத் தப்பித்திருப்போம். இவர் போல்ட்டைக் கழற்றி, அடியில் அடித்து, காயவிட்டு, போல்ட்டையும் டின்னுக்குள் முக்கி எடுத்து, அதையும் காயவிட்டு, அழகாகத் திரும்ப மாட்டியிருக்கிறார். கரண்டு போகிற வாசலுக்குச் சீல் வைத்த மாதிரி. அத்தனை அக்கறை. எனக்குச் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது, முன்னால் சீட்டில் அவர் மிதிக்கவா விடவா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த ஐந்து நாளாக, என் வேலை போய்விடுமோ என்று என்னைவிட அதிகமாகப் பயந்து, இரண்டு வேளை சரியாகச் சாப்பிடாத மனிதர். "என்னம்மா, அகப்பட்டுதா" என்றார். "ம், துரு" என்று சொல்லிவிட்டேன். "துருவா? அங்கெல்லாம் நான் பெயிண்ட் அடிச்சேனே" என்றார். "அதையும் மீறி வந்திருக்குங்க" என்றேன். வேறு என்ன சொல்ல. உப்புத்தாளை எடுத்து போல்ட்டையும் அது உட்காரும் இடத்தையும் வெள்ளி மாதிரி மின்னுகிறவரை தேய்த்தேன், மாட்டி இறுக்கினேன், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன், பழக்க தோஷத்தில் பக்கத்தில் ஒரு லேபிளும் ஒட்டினேன். "மிதிங்க" என்றேன். எரிந்தது. "விடுங்க" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழ் வீட்டு டியூஷன் டீச்சர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, உடம்பு சரியில்லையா" என்று கேட்டாள். எனக்கு அப்போது இருந்ததைவிட உடம்பு சரியாக இருந்ததே கிடையாது.

திங்கட்கிழமை மதியம் மறுபடி இன்ஸ்பெக்‌ஷன். உன் அப்பா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். அதே இன்ஸ்பெக்டர். பின்னால் போய் நின்று, "பிரேக்" என்றார். மிதித்தேன். உள்ளே உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பின்னால் என்ன எரிகிறது என்று எப்படித் தெரியும், கண்ணாடியில் அவருடைய தொப்பிதான் தெரிகிறது, அது அசையவே இல்லை. "விடுங்க, மறுபடி" என்றார். மிதித்தேன். எழுதுகிற சத்தம் கேட்கிறது, என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. பிறகு, "டிக்கியைத் திறங்க, என்ன வேலை செஞ்சிருக்காங்கன்னு பாக்கணும்" என்றார். திறந்தேன். டார்ச் அடித்து உள்ளே குனிந்தவர் அப்படியே நின்று, லேபிளை வாய்விட்டுப் படித்தார், "எர்த் பாயிண்ட், சுத்தம் செய்யப்பட்டது, தேதி, நேரம், கையெழுத்து." நிமிர்ந்து, "ஏம்மா, இது கார் டிக்கியா, ரத்தப் பரிசோதனையா? எந்த மெக்கானிக் இது?" என்றார். "நான்தான் சார்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, சுத்திலும் இந்தப் பச்சை யாரோட கைவண்ணம்? எர்த் போல்ட்டுக்குப் பெயிண்ட் அடிக்கற மகானை நான் பாக்கணுமே" என்றார். அப்போது எனக்குப் பின்னாலிருந்து உன் அப்பா ஒரு அடி முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டதும் கை தூக்குகிற மாதிரி கையைத் தூக்கி, "அது நான் சார்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்ஸ்பெக்டரைத்தான் பார்த்துச் சொல்கிறார், "நான் பெயிண்ட் அடிச்சுக் கெடுத்தேன் சார், இவ கண்டுபுடிச்சு சரி பண்ணா. என்கிட்ட துருன்னு சொன்னா. கீழ கொட்டியிருந்த தூளை நான்தான் கூட்டி அள்ளினேன், துரு பச்சையா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா சார்." ஒரு முழு நாள் இந்த மனிதர் அதை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு சாப்பிட்டு, டிவி பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார். நான் அவருக்காக மறைக்கிறேன், அவர் நான் மறைப்பதற்காக மறைக்கிறார். இன்ஸ்பெக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், பேனாவைக் காதில் செருகினார், பச்சை முத்திரையை எடுத்துக் குத்தினார். "உங்களுக்குப் புடிச்ச கலர்லயே குடுத்திருக்கேன், எடுத்துக்கிட்டுப் போங்க" என்று உன் அப்பாவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. என் பக்கம் காட்டி, "அவங்ககிட்ட குடுங்க சார், அவங்கதான் மெக்கானிக்" என்றார். இருபத்து நான்கு வருடத்தில் என்னை அவர் 'அவங்க' என்று சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அங்கிருந்து நேரே லேபுக்குப் போய் சர்டிபிகேட்டை இன்சார்ஜ் மேஜையில் வைத்தேன். அவன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தான், அதுவே பெரிய விஷயம். "எந்த ஷாப்புக்கா, ஒரே வாரத்துல பண்ணிக் குடுத்தாங்க" என்றான். சொன்னேன். எழுந்து வெளியே வந்து, காருக்குப் பின்னால் போய் நின்று, "ஒரு தடவ அடிங்கக்கா" என்றான். அடித்தேன். "ரூட் உங்களுதுதான், லிஸ்ட்ல பேரை மாத்தவே இல்ல" என்றான். மறுநாள் காலை கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனபோது சட்டைக் கையைத் தயாராக மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீ வராம வேற யாராவது வந்தா கதவைத் திறக்கறதில்லைன்னு முடிவு பண்ணியிருந்தேன்" என்றார். ஒரே குத்து, அவருக்கு வலிக்கக்கூட இல்லை.

மற்றபடி வீட்டு விஷயம் என்று பார்த்தால், உன் அப்பா பச்சை டின்னைக் கொண்டுபோய் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டு, கையோடு ஒரு நீல டின் வாங்கி வந்திருக்கிறார். காருக்கு ஐந்தடிக்குள் வரக் கூடாது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். உன் பெரியப்பா நேற்று வந்து, சும்மா வந்த மாதிரி உட்கார்ந்து, அரை மணி நேரம் உலக நடப்பெல்லாம் பேசிவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "என் வண்டியில ரிவர்ஸ் லைட் எரியலை, பாக்கறியாம்மா" என்றார். பார்க்கிறேன் என்றேன், இந்த வயதில் எதற்கு வண்டி என்று கேட்கவில்லை, கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ முகம் கழுவிவிட்டு ஈரக் கையோடு சார்ஜர் குத்தாதே. மீட்டிங்கில் உனக்குத் தெரிந்ததைக்கூடச் சொல்ல பயமாக இருக்கிறது என்று போன மாதம் சொன்னாயே, எனக்கு அதற்குப் பெரிய அறிவுரை ஒன்றும் சொல்லத் தெரியாது. ஆயிரத்து இருநூறு பேர் நடுவில் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டவள் என்கிற முறையில், இரண்டாவது தடவையும் கேள், மூன்றாவது தடவையும் கேள் என்று மட்டும் சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நம் பார்க்கிங்கில் ஒரு கூட்டம் போடுகிறேன். டியூஷன் டீச்சர் தன் ஸ்கூட்டரோடு வருகிறாள், லேபில் வெளிவேலை பார்க்கிற நான்கு பெண்களும் வண்டியோடு வருகிறார்கள், பெரியப்பா வருகிறார், ஸ்பானர் அக்காவின் கமென்ட் பகுதியில் இந்த ஊர்க்காரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது, அவர்களும் வருகிறார்கள். யார் வண்டியில் எது எரியவில்லையோ எல்லாவற்றையும் பார்க்கப்போகிறோம், லேபிள் நான் கொண்டுவருகிறேன், மிதிக்கிற வேலை உன் அப்பாவுடையது. நீ வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு ஒரு அழகான போஸ்டர் செய்து அனுப்ப வேண்டும், ஊசி அம்மா என்று பெரிதாகப் போடு. ஞாயிறு நாலு மணிக்கு வீடியோ காலில் நீயும் வர வேண்டும். இந்தக் கடிதத்தை உன் அறையில் இருக்கிற பெண்களுக்குப் படித்துக் காட்டு, அவர்கள் அம்மாக்களுக்கும் அனுப்பச் சொல், குடும்ப குரூப்பில் மட்டும் போடாதே, பெரியப்பா பாகத்தை நான் இன்னும் கொஞ்சம் மெருகேற்ற வேண்டும்.

நீ நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. நீ புதிதாக வாங்கியிருக்கும் பழைய ஸ்கூட்டரில் பின்விளக்கும் பிரேக் விளக்கும் எரிகிறதா என்று இன்றைக்கே பார். அதை ஓட்டுகிற நீயே பார்க்க முடியாது, ஒருவர் பின்னால் நின்று, எரியுது, போ என்று உனக்குச் சொல்ல வேண்டும். எரிந்ததா இல்லையா என்பதோடு, பின்னால் வந்து நின்றது யார் என்பதையும் சேர்த்து எனக்குப் பதில் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா
(அவங்கதான் மெக்கானிக்)